வீல் மாற்றும் முன் கேளுங்கள்: ஸ்போர்ட்ஸ் காரின் வீல் எடை, அளவு, ஆஃப்செட்

தண்டையார்பேட்டையில் வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் பார்க்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. வருகிற வண்டிகளில் முக்கால்வாசி டாக்ஸியும் லோடு வண்டியும்தான். ஆனால் 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவு ரேஸ் நடந்த பிறகு, பழைய ஆடி டிடி, பிஎம்டபிள்யூ இசட்4, போலோ ஜிடி வைத்திருக்கிற தம்பிகள் அலாய் வீல் பற்றிக் கேட்டு வருவது அதிகமாகிவிட்டது. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். நின்ற நிலையில் பாதி பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது இந்த நாலு சக்கரம் மட்டும்தான். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

வீலின் முதுகில் ‘7.5ஜே x 17, இடி45, 5x112’ என்று அடித்திருக்கிறது. எது என்ன?

7.5 என்பது ரிம்மின் அகலம், அங்குலக் கணக்கில். டயரின் இரண்டு ஓரங்களும் உட்காருகிற இடங்களுக்கு நடுவே அளப்பது. ‘ஜே’ ரிம் ஓரத்தின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து. 17 விட்டம், இதுவும் அங்குலம். இடி45 என்பது ஆஃப்செட், அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். 5x112 என்றால் ஐந்து போல்ட். அந்த ஐந்தின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் 112 மி.மீ. இதைத்தான் பிசிடி என்கிறார்கள். 112-க்குப் பதில் 114.3 வீலைப் போட்டு, ‘ரெண்டு மில்லிதானே, இழுத்து முறுக்கினால் உட்கார்ந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். போல்ட் கோணலாக ஏறும், நாளடைவில் தளரும் அல்லது முறியும்.

பல வீல்களில் எழுதாமல் விட்டிருக்கும் அளவு ஒன்று உண்டு: நடு ஓட்டை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் பெரும்பாலும் 57.1 மி.மீ., பழைய பிஎம்டபிள்யூ பலவற்றில் 72.6. வெளியில் விற்கும் அலாய்கள் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிய ஓட்டையோடு வரும். வண்டியில் வீல் மாட்டுகிற ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், அதை நிரப்பும் வளையமான ஹப் ரிங்கைச் சரியான அளவில் போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வீல் நடுமையத்தில் உட்காராது, எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் ஸ்டீயரிங் ஆடும்.

ஆஃப்செட் என்றால் என்ன? பிளஸ், மைனஸ் ஒன்றும் புரியவில்லை.

வீலை நிமிர்த்தி வைத்து, அகலத்தின் சரிபாதியில் பூசணிக்காய் போல இரண்டாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெட்டுக்கோடுதான் நடு. ஹப்போடு ஒட்டுகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட், மில்லிமீட்டரில். ஒட்டும் முகம் வெளிப்பக்கம், அதாவது நாம் பார்க்கும் பக்கம் தள்ளி இருந்தால் பிளஸ். அப்போது வீலின் பெரும்பகுதி உள்ளே போய்விடும். முகம் உள்பக்கம் தள்ளி இருந்தால் மைனஸ், வீல் வெளியே வரும். எண் கூடக் கூட வீல் உள்ளே போகும், குறையக் குறைய வெளியே வரும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, ஒரு கணக்குப் பார்ப்போம். வண்டியில் இருப்பது 7ஜே, இடி45. வாங்க நினைப்பது 8ஜே, இடி35. ஏழு அங்குலத்தில் பாதி 88.9 மி.மீ.; அதோடு 45 கூட்டினால் உள்பக்கம் 133.9, கழித்தால் வெளிப்பக்கம் 43.9. எட்டு அங்குலத்தில் பாதி 101.6, உள்பக்கம் 136.6, வெளிப்பக்கம் 66.6. ஆக, உள்ளே 2.7 மி.மீ. மட்டும் நெருங்குகிறது, வெளியே 22.7 மி.மீ. துருத்துகிறது. ‘பத்து ஆஃப்செட்தானே வித்தியாசம்’ என்று சொல்லி விற்ற வீல் ஃபெண்டரை உரசுவது இதனால்தான். அகலத்தையும் ஆஃப்செட்டையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

கணக்கு சரியாக வந்தாலும் பிரேக் கேலிப்பர் ஸ்போக்கின் முதுகில் இடிக்கலாம். அது ஸ்போக்கின் வளைவைப் பொறுத்தது, எந்த எண்ணிலும் தெரியாது. ஒரு வீலைக் கொண்டுவந்து மாட்டி, கையால் சுற்றிப் பார்த்த பிறகு நாலுக்கும் பணம் கொடுங்கள்.

ஆஃப்செட்டைக் குறைத்தால் வண்டி அகலமாக, கெத்தாக நிற்கிறது. என்ன கெட்டுவிடும்?

நிற்கும்போது ஒன்றும் கெடாது. எண்ணூர் விரைவுச் சாலையில் இறங்கும்போதுதான் தெரியும்.

போன வருடம் ஒரு தம்பி வந்தார். இடி45 இருக்க வேண்டிய இடத்தில் இடி20 போட்டிருந்தார். “அண்ணா, ஸ்டீயரிங் கையில நிக்க மாட்டேங்குது, லேன் மாறும்போது அதுவா இழுக்குது” என்றார். அலைன்மென்ட் மெஷினில் ஏற்றினேன், எல்லா எண்ணும் பச்சை. சரி என்று நானே ஓட்டிப் பார்த்தேன். அந்த ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க ஒரே தடத்தில் ஊர்ந்து ஊர்ந்து தாரையே வாய்க்காலாக அழுத்தி வைத்திருக்கின்றன. அந்த வாய்க்காலின் சரிவில் முன்டயர் ஏறியதும் ஸ்டீயரிங் என் உள்ளங்கையைத் திருகிக்கொண்டு இடப்பக்கம் போனது. இறங்கியதும் மறுபக்கம் போனது.

காரணம் இதுதான். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் சாய்வான ஓர் அச்சில் திரும்புகிறது. அந்த அச்சைத் தரைவரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். டயர் தரையில் பதியும் நடுவுக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். காரை வடிவமைத்தவர்கள் இதைச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் வைத்திருக்கிறார்கள். வீலை 25 மி.மீ. வெளியே தள்ளினால் இந்தத் தூரமும் 25 மி.மீ. மாறும். நெம்புகோல் நீண்டுவிட்டது, ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு மேடும் அதைப் பிடித்து ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது.

பிரேக்கிலும் இதற்குப் பங்கு உண்டு. 1972-இல் வந்த ஆடி 80-இல் இந்தப் புள்ளியை வேண்டுமென்றே டயர் நடுவுக்கு வெளியே வைத்தார்கள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் அதிகம் பிடித்தாலும் வண்டி தானே நேராகும்படி சக்கரங்கள் திரும்பும். பிறகு வந்த முன்சக்கர இழுவை கார்கள் பலவும் இதே வழியைப் பின்பற்றின. குறைந்த ஆஃப்செட் போடும்போது இந்தப் பாதுகாப்பைத்தான் நம் கையாலேயே கழற்றிவிடுகிறோம். மழையில் இடப்பக்கச் சக்கரங்கள் தேங்கிய தண்ணீரிலும் வலப்பக்கம் காய்ந்த தாரிலும் இருக்கும்போது பிரேக் மிதித்தால் வித்தியாசம் தெரியும்.

வீல் பேரிங்கின் மேல் சுமை கூடுவதும் உண்மை. வீல் வெளியே போவதால் சஸ்பென்ஷனும் கொஞ்சம் மென்மையானது போல நடந்துகொள்ளும். ஸ்பிரிங்குக்கு எதிராக வேலை செய்யும் கை நீளமாகிவிடுகிறதே. நன்மை ஒன்று உண்டு: சக்கரங்களின் இடை அகலம் கூடுவதால் வளைவில் எடை ஒரு பக்கம் சாய்வது சற்றுக் குறையும். ஐந்து மில்லி, பத்து மில்லிக்குள் என்றால் நானும் தடுக்க மாட்டேன்.

ஸ்பேசர் போடலாமா?

ஸ்பேசர் என்பது வீலை வெளியே தள்ள ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு. ஹப்பில் கச்சிதமாக உட்காரும் வகையாக இருந்தால், மெல்லியதாக இருந்தால், போடலாம். ஒரிஜினல் போல்ட் எத்தனை சுற்று ஏறியதோ அத்தனை சுற்று ஏற வேண்டும். அதற்கு நீளமான போல்ட் வாங்க வேண்டும். போல்ட்டின் உட்காரும் முகத்தையும் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் அது உருண்டை, வெளி அலாய்கள் பலவற்றில் கூம்பு. மாற்றிப் போட்டால் ஓரத்தில் மட்டும்தான் பிடிக்கும். நட்டு, போல்ட் எதையும் குறித்த அளவுக்கு மட்டும் முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று அடித்துவிட்டுப் போக விடாதீர்கள். 100 கி.மீ. ஓடியதும் திரும்பி வந்து ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீலில் ஒரு கிலோ குறைத்தால் காரில் பத்து கிலோ குறைத்த மாதிரி என்கிறார்களே?

இல்லை. இந்தப் பேச்சைப் பல வருடங்களாகக் கேட்கிறேன், கணக்கு அப்படி வராது.

சுற்றுகிற பொருளை இரண்டு வேலை செய்து நகர்த்த வேண்டும். முன்னால் தள்ளவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். எடை எவ்வளவு ஓரத்தில் இருக்கிறதோ அவ்வளவு சுற்றுவது கடினம். டயரின் தரை தொடும் பட்டையிலேயே ஒரு கிலோ இருந்தால்கூட, வேகமெடுப்பதில் அது இரண்டு கிலோவுக்குச் சமம், அதுதான் உச்சம். ரிம் அதைவிட உள்ளே இருக்கிறது. 17 அங்குல ரிம்மின் ஓரத்தில் குறையும் ஒரு கிலோ, சுமார் ஒன்றரைக் கிலோவுக்குச் சமம். நடு ஹப் பக்கம் குறைந்தால் ஒன்றுக்கு ஒன்றுதான்.

12 கிலோ வீலைக் கழற்றி 9 கிலோ வீல் போட்டீர்கள் என்று வையுங்கள். நாலுக்கும் சேர்த்து 12 கிலோ மிச்சம், வேகமெடுப்பதில் சுமார் 18 கிலோ. லாரித் தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் எவ்வளவு கனம் இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு. 1,200 கிலோ காரில் ஒன்றரை சதவீதம். சிக்னலில் கிளம்பும்போது உடம்புக்குத் தெரியுமா என்றால், தெரியாது.

அப்படியென்றால் இலேசான வீலுக்கு ஏன் பணம் செலவழிக்க வேண்டும்?

ரோடு மோசமாக இருப்பதால்தான்! இலேசான வீலின் அருமை வேகமெடுப்பதில் இல்லை, பள்ளத்தில் இருக்கிறது.

காரின் எடையை இரண்டாகப் பிரியுங்கள். ஸ்பிரிங்குக்கு மேலே உட்கார்ந்திருப்பது ஒன்று, கீழே தொங்குவது இன்னொன்று. கீழே இருப்பது வீல், டயர், டிஸ்க், கேலிப்பர், ஹப், லோயர் ஆர்மில் ஒரு பங்கு. ஒரு சக்கரத்துக்கு 35, 40 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 3 கிலோ குறைப்பது எட்டு சதவீதம் குறைப்பது. மேலே அதே 3 கிலோவுக்கு மதிப்பே இல்லை.

மணலி சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல். அரை மீட்டர் நீளப் பள்ளத்தைக் கடக்க நொடியில் நூறில் மூன்று பங்குதான் நேரம். அதற்குள் சக்கரம் இறங்கி, அடிபட்டு, ஏறி, மறுபடி தரையைப் பிடிக்க வேண்டும். கனமான வீல் மேலே எகிறினால் ஸ்பிரிங்கால் அதைச் சீக்கிரம் கீழே அழுத்த முடியாது. அந்தரத்தில் இருக்கும் டயருக்குப் பிரேக்கும் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. வளைவின் நடுவில் மேடு வரும்போது பின்பக்கம் ஒரு சாண் தள்ளிப்போவது போலத் தோன்றும் பாருங்கள், அது இதுதான். இலேசான வீல் போட்ட அதே வண்டி அதே மேட்டில் ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தத்தோடு தன் வழியில் போகும். ஒரு முறை இதை உணர்ந்தவர் பெரிய வீல் பக்கம் திரும்ப மாட்டார். நான் திரும்பவில்லை.

80, 100 கி.மீ. வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறது. அதற்கு மேல் போனால் சரியாகிவிடுகிறது. ஏன்?

கீழே தொங்கும் எடைக்கும் டயரின் காற்றுக்கும் சேர்த்து ஓர் இயல்பான துள்ளல் உண்டு, நொடிக்கு ஏறக்குறைய 10 முதல் 15 முறை. சாதாரண கார் டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். 90 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 25 மீட்டர், அதாவது பன்னிரண்டரைச் சுற்று. இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில், பத்து கிராம் பேலன்ஸ் குறை இருந்தால்கூட ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது போல ஆட்டம் பெருகும். முதலில் பேலன்சிங், பிறகு ஹப் ரிங், அதன்பின் ரிம்மில் பெண்டு. இந்த வரிசையில் பாருங்கள்.

ஃபார்முலா ஒன்னே 18 அங்குலத்துக்கு மாறிவிட்டது. பெரிய வீல்தானே நல்லது?

2022-இல் 13-லிருந்து 18-க்கு மாறினார்கள், உண்மை. ரோட்டுக் கார்களோடு தொழில்நுட்பம் ஒத்துப்போகட்டும் என்பது முக்கியக் காரணம். எடை கூடியது. அதற்கு முன்பு பல பத்தாண்டுகள் 13 அங்குலத்தில்தான் உலகின் வேகமான கார்கள் ஓடின.

டயரின் பக்கச்சுவர் குட்டையானால் ஸ்டீயரிங் திருப்பியதும் வண்டி உடனே திரும்பும், அது நிஜமான லாபம். பெரிய டிஸ்க் போட இடமும் கிடைக்கும். ஆனால் ரிம் பெரிதாகப் பெரிதாக எடை கூடும், அந்த எடை ஓரத்தில் கூடும். நம் பக்கத்து ரோட்டில் இன்னொன்றும் உண்டு. டயரில் 205/55 ஆர்16 என்றால் அகலம் 205 மி.மீ., அதில் 55 சதவீதம் பக்கச்சுவர் உயரம், ரிம் 16 அங்குலம். அந்த டயரில் பக்கச்சுவர் 113 மி.மீ. உயரம், 225/45 ஆர்17-இல் 101, 225/40 ஆர்18-இல் 90 மட்டுமே. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போல மழைத்தண்ணீர் தேங்கும் இடங்களில் பள்ளம் எது, ரோடு எது என்று யாருக்கும் தெரியாது. அங்கே அந்த 23 மி.மீ. ரப்பர்தான் ரிம்மைக் காப்பாற்றுகிறது. வட சென்னையில் தினமும் ஓடும் வண்டி என்றால் 17-க்கு மேல் போகாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். 16-இல் இலேசான வீலும் நல்ல டயரும் கிடைத்தால் அதைவிட நல்லது.

வீல் பெரிதானால் எந்த டயர் அளவு போடுவது?

மொத்த விட்டம் மாறக் கூடாது. அகலத்தை உயரச் சதவீதத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, ரிம் விட்டத்தை மி.மீ.க்கு மாற்றி (அங்குலம் x 25.4) கூட்டுங்கள். 205/55 ஆர்16 என்றால் 632 மி.மீ.; 225/45 ஆர்17 என்றால் 634; 225/40 ஆர்18 என்றால் 637. மூன்றும் நெருக்கம். 225/50 ஆர்17 போட்டால் 657 ஆகிவிடும், கிட்டத்தட்ட நாலு சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது 104-இல் போய்க்கொண்டிருப்பீர்கள், ஒவ்வொரு கியரும் நீண்டு இழுவையும் குறையும். 225/45 ஆர்17 டயருக்கு ரிம் அகலம் 7-லிருந்து 8.5 வரை சரி. ஒன்பதில் இழுத்துப் பூட்டுவது அழகாகத் தெரியலாம், பள்ளத்தில் டயர் ஓரம் கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது.

சுமை எண்ணையும் பாருங்கள். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். உங்கள் வண்டியோடு வந்த டயரின் எண்ணைவிடக் குறைந்த எண்ணுக்கு இறங்க வேண்டாம்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. முன்னும் பின்னும் வேறு அளவு போடலாமா?

வேண்டாம். கம்பெனி அப்படிக் கொடுத்திருந்தால் ஒழிய, நாலு டயரின் சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் கிளட்சோ டிஃபரன்ஷியலோ ஓய்வில்லாமல் தேய்ந்துகொண்டே இருக்கும்.

போலீஸ், இன்சூரன்ஸ் பிரச்சினை வருமா?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உங்கள் மாடலின் உயர் ரகத்துக்குக் கம்பெனியே கொடுத்த வீல் அளவுக்குள் நிற்பது நிம்மதி. இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட தொகைதான் இருக்கிறது. வீலா, டயரா?

டயர். யோசிக்கவே வேண்டாம். எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கிய திருவொற்றியூர் பக்கத்திலேயே இருக்கிறது. டயர் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் விலையுயர்ந்த அலாயில் பழைய, காய்ந்து போன டயரை மாட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும்: 3221 என்றால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். அதைப் பார்த்து வாங்குங்கள்.

வார்த்தது, ஃபோர்ஜ் செய்தது, எது வாங்கலாம்? கடல் காற்று என்ன செய்யும்?

வார்த்த வீலில் உருகிய அலுமினியத்தை அச்சில் ஊற்றுகிறார்கள். ஃபோர்ஜ் வீலில் திடமான கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அடித்து வடிவமாக்குகிறார்கள். உலோகம் அடர்த்தியாவதால் குறைந்த எடையிலேயே அதே பலம் வரும். விலை பல மடங்கு. நடுவில் ஃப்ளோ ஃபார்மிங் என்று ஒன்று உண்டு: வார்த்த பிறகு சூடாகச் சுழற்றி உருளைகளால் ரிம் பட்டையை மட்டும் நீட்டி மெலிதாக்குவார்கள். ஓரத்தில்தானே எடை குறைய வேண்டும், அங்கேயே குறைகிறது. காசுக்கேற்ற பொருள் இதுதான் என்பது என் கருத்து.

காசிமேடு, ராயபுரம் பக்கம் வெளியில் நிறுத்துகிறவர்கள் மக்னீசியம் வீலை விட்டுவிடுங்கள், உப்புக் காற்று அதை அரித்துவிடும். அலுமினியத்துக்கும் கவனம் வேண்டும். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் வெள்ளைத் தூள் பூக்கும். பேலன்சிங்குக்குக் கிளிப் வகை ஸ்டீல் எடைகளை அடித்தால் அந்த இடத்தில் அரிப்பு வேகமாகும். உள்பக்கம் ஒட்டும் எடையைக் கேளுங்கள்.

புதுப்பேட்டையில் பழைய அலாய் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் முதுகைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள். என் சொந்த வண்டிக்கே ஒரு கடையில் நாலு வீல் வாங்கினேன். மேலே பளபளவென்று பவுடர் கோட்டிங். மாட்டிய வாரத்திலிருந்து பின் இடது டயரில் இரண்டு நாளுக்கு ஒருமுறை காற்று இறங்கியது. டயரைத் தொட்டியில் முக்கிப் பார்த்தோம், ஆணி இல்லை. வால்வை மாற்றினோம், அதுவும் இல்லை. கடைசியில் வீலைக் குப்புறப் போட்டு, சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து உள்பட்டையில் மெதுவாகப் பூசிக்கொண்டே வந்தேன். ஒரு ஸ்போக்கின் பின்னால், தலைமுடி அளவுக் கோடு ஒன்றின் மேல் கடுகு கடுகாகக் குமிழி வரிசையாக எழும்பியது. விரல் நீளத்துக்கு விரிசல். கோட்டிங்கை ராவினேன், அடியில் பழைய வெல்டிங் தழும்பு. அந்த வீலில்தான் என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்திருக்கிறேன்.

அலாய் வீலுக்கு அதன் பலம் கடைசியாகச் சூடேற்றி ஆற்றும் பதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ஓரத்தில் சின்னப் பெண்டு என்றால் எடுக்கலாம். விரிசல், அதுவும் ஸ்போக் பக்கம் என்றால் உடைத்து எடைக்குப் போடுங்கள்.

வாங்குவதற்கு முன் வீலைத் திருப்பி, ஐஎஸ்ஐ அல்லது ஜப்பான் தர முத்திரையான ஜேடபிள்யூஎல் முத்திரையும் அளவும் தாங்கும் சுமையும் வார்ப்பிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்போக் ஒவ்வொன்றின் பின்னாலும் விரலை ஓட்டுங்கள். போல்ட் ஓட்டைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டயர் இல்லாத வெறும் ரிம்மைப் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு, ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை அசையாமல் பிடியுங்கள். பேனா முனைக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள சந்து சுற்று முழுக்க ஒரே அளவாக இருக்க வேண்டும். கடைக்காரர் சுற்றிக் காட்ட மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.